"ஏய் சைனா!" என்று நடுரோட்டில் கேலி, வீடு கேட்டால் பாஸ்போர்ட்டு! சென்னையில் படிக்கும் வடகிழக்கு மாணவ-மாணவிகள் படும் பாடு

சென்னை,

சாயங்காலம் கல்லூரி விட்டு வரும் மாணவர்கள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறார்கள் என்றுதான் நினைப்போம்.

ஆனால் அசாம், மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் பக்கத்தில் இருந்து வந்து படிக்கும் மாணவ-மாணவிகள் காதில் மாட்டியிருக்கும் ஒயரில் பல நேரம் பாட்டே ஓடாது. ரோட்டில் நிற்பவன் சொல்வது காதில் விழக்கூடாது என்பதற்காக மாட்டியது அது. விழுந்தாலும் விழாத மாதிரி நடந்து போய்விடலாம் அல்லவா?

அப்படி என்னதான் சொல்கிறார்கள்?

"ஏய் சைனா!"

"டேய் நேபாளி, இங்க வாடா!"

"சப்ப மூக்கு போகுது பாரு!"

சொல்லுகிறவனுக்கு இது விளையாட்டு. அரை நிமிடத்தில் மறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். கேட்கிற மாணவருக்கோ காலையில் பஸ் நிறுத்தத்தில் ஒரு தடவை, மத்தியானம் கடை வாசலில் ஒரு தடவை, ராத்திரி தெருமுனையில் ஒரு தடவை. இப்படி 3 வருஷப் படிப்பு முடிகிற வரைக்கும் நடக்கும்.

ஒவ்வொரு தடவையும் அவர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. திரும்பி நின்று "என்னய்யா சொன்னே?" என்று கேட்பதா? அல்லது விழுங்கிக்கொண்டு போய்விடுவதா?

இது லேசான கணக்கு அல்ல. திரும்பிக் கேட்கப்போய் உயிரையே விட்ட மாணவர் உண்டு.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

தலைமுடியைக் கேலி செய்தார்கள்

2014-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி. டெல்லி லஜ்பத் நகர் மார்க்கெட்டு.

அருணாசலப்பிரதேசத்தைச் சேர்ந்த நிடோ தானியம் என்ற மாணவர் நண்பர்களோடு அங்கே போயிருந்தார். சுமார் 20 வயது இருக்கும். பஞ்சாபில் கல்லூரியில் படித்து வந்தவர். அவருடைய தகப்பனார் ஒரு எம்.எல்.ஏ.

ஒரு கடையில் விலாசம் விசாரித்தார் தானியம். கடையில் இருந்தவர்கள் விலாசம் சொல்லுவதற்குப் பதில் அவருடைய தலைமுடியையும் தோற்றத்தையும் கேலி செய்தார்கள். அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கடைக் கண்ணாடி உடைந்தது. உடனே அடி-உதை.

போலீசார் வந்தார்கள். சமாதானம் பேசினார்கள். கண்ணாடிக்குப் பணம் கொடுக்கும்படி ஆயிற்று. பிறகு அதே இடத்தில் மறுபடியும் அடி விழுந்தது என்று நண்பர்கள் கூறினார்கள். அன்று இரவு படுத்தவர் மறுநாள் எழுந்திருக்கவில்லை.

டெல்லியில் வடகிழக்கு மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். பார்லிமெண்டு வரை பிரச்சினை போயிற்று.

அடித்தவர்கள் ரவுடிகள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கடை வைத்துப் பிழைக்கிற சாதாரண ஆட்கள்தான். ஆரம்பித்தது ஒரு கேலிப் பேச்சில். அந்தப் பேச்சை அவர்கள் அதற்கு முன்னால் எத்தனையோ பேரிடம் பேசியிருப்பார்கள். அந்தப் பேர்கள் எல்லாம் விழுங்கிக்கொண்டு போயிருப்பார்கள். தானியம் விழுங்கவில்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு சென்னையானாலும் பெங்களூரானாலும் வடகிழக்கு வீட்டுத் தாய்-தகப்பன் பிள்ளையை ரெயில் ஏற்றும்போது சொல்லுகிற புத்தி ஒன்றுதான். யார் என்ன சொன்னாலும் பதில் பேசாதே.

2025 டிசம்பரில் டேராடூனில் திரிபுரா மாநில மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு, ஆஸ்பத்திரியில் இறந்தார். "சைனாக்காரன்" என்று கேலி செய்ததைத் தட்டிக்கேட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று குடும்பத்தார் கூறினார்கள். இனவெறி காரணம் அல்ல என்று போலீசார் கூறினார்கள். எது எப்படியோ, அந்தச் செய்தியைப் பார்த்த தாய்மார்களுக்கு அன்றைக்குத் தூக்கம் இருந்திருக்காது.

பாஸ்போர்ட்டு எங்கே?

சென்னையில் அடி-உதை அவ்வளவாக இல்லை. அது உண்மை. இங்கே வேறு மாதிரி.

முதல் தொல்லை வீடு. கல்லூரி விடுதியில் இடம் கிடைத்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் 4 பேர், 5 பேராகச் சேர்ந்து வீடு தேட வேண்டும்.

போனில் பேசுகிறபோது ஒரு தொல்லையும் இல்லை. நல்ல இங்கிலீசு. "வாங்க, வந்து பாருங்க" என்பார் வீட்டுக்காரர். நேரில் போய் நின்று முகத்தைப் பார்த்ததும் பேச்சு மாறிவிடும்.

"இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரும்மா."

அடுத்த வாரம் அதே வழியாகப் போனால் "வீடு வாடகைக்கு" போர்டு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

சில வீட்டுக்காரர்கள் பாஸ்போர்ட்டு கேட்கிறார்கள்! ஆதார் அட்டையைக் காட்டினாலும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்களைக் குடிவைத்தால் அரசாங்கத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது வெளிநாட்டுக்காரர்களுக்கு. ஐஸ்வாலில் இருந்து வருகிறவரும் இம்பாலில் இருந்து வருகிறவரும் மதுரையில் இருந்து வருகிறவரைப் போல இந்தியர்தான். வீடு கொடுக்கப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம்.

கொடுக்கிற வீட்டிலும் அட்வான்ஸ் அதிகம். வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். சென்னையில் யார் கேட்கிறார்கள்? 10 மாதம் என்பது ஊர் வழக்கம். வழக்கம் தெரியாத பிள்ளைகளிடம் அதற்கு மேலும் கேட்டுப் பார்க்கிற புரோக்கர் உண்டு.

வீட்டுக்காரர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அவர்களுக்கும் பயம் இருக்கிறது. "குடிப்பாங்களோ, ஆள் கூட்டிட்டு வருவாங்களோ, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரோ" என்ற பயம். அதே பயம் நம்ம ஊர்ப் பையன்களைப் பார்த்தாலும் வரத்தான் செய்கிறது. கல்யாணம் ஆகாதவனுக்கு இந்தப் பட்டணத்தில் எவன் வீடு கொடுத்தான்? ஆனால் நம்ம பையன் பேசிச் சமாளித்துவிடுவான். "எங்க மாமா போலீசுல இருக்காரு" என்று ஒரு பொய்யாவது சொல்லுவான். பாஷை தெரியாதவர் என்ன சொல்லுவார்?

கருவாடும் ஙாரியும்

வீடு கிடைத்த பிறகு அடுத்த வழக்கு அடுப்பங்கரையில் ஆரம்பிக்கிறது.

மணிப்பூர்க்காரர்களுக்கு "ஙாரி" இல்லாமல் சாப்பாடு இறங்காது. மீனைப் பக்குவப்படுத்திப் புளிக்கவைத்தது அது. காய்கறியை வேகவைத்து, மிளகாயும் ஙாரியும் போட்டுப் பிசைந்தால் "ஈரோம்பா". நாகாலாந்துக்காரர்களுக்கு "அக்குனி". இது சோயா பயறைப் புளிக்கவைத்தது. மூங்கில் குருத்தும் உண்டு.

வாசனை அடிக்கத்தான் செய்யும். மூக்கைப் பிடிக்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களைக் கேட்டால் தெரியும், வாசனை என்றால் என்ன என்று! சென்னையில் "சைவம் மட்டும்" என்று போர்டு மாட்டிய வீடுகளில் நம்மவர்களே எத்தனை பேர் வீடு கிடைக்காமல் திரும்பியிருக்கிறார்கள்?

2007-ம் ஆண்டு டெல்லி போலீசார் வடகிழக்கு மாணவர்களுக்கு என்று ஒரு சிறு புத்தகம் போட்டார்கள். அதில் மூங்கில் குருத்தும் அக்குனியும் சமைக்கும்போது அக்கம்பக்கத்தில் ரகளை வராதபடி சமைத்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொல்லியிருந்தார்கள். பெண்கள் எப்படி உடை உடுத்த வேண்டும் என்றும் இருந்தது. பாதுகாப்பு கொடுக்க வேண்டிய போலீசார், பாதுகாப்பு கேட்டவர்களுக்கே ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கிறார்களே என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. டெல்லியில் ஒரு கல்யாண விருந்துக்கு அக்குனி சமைக்க வடகிழக்குப் பிள்ளைகள் படுகிற பாட்டை வைத்து 2019-ல் சினிமாவே வந்துவிட்டது.

சென்னையில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லா வீட்டிலும் கறிக் குழம்பு கொதிக்கிற நேரமாகப் பார்த்து அடுப்பை மூட்டுகிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியைப் போடுகிறார்கள். கீழ் வீட்டு அம்மாவுக்கு ஒரு கிண்ணத்தில் கொடுத்துவிட்டு ஆரம்பிப்பவர்களும் உண்டு. அந்த அம்மா சாப்பிடுகிறாரோ, கொட்டுகிறாரோ, சண்டை வராது.

வடக்கன் என்றால் யார்?

சென்னையில் இன்னொரு வேடிக்கை. இவர்களைக் கண்டால் கடைக்காரர்களும் கண்டக்டர்களும் இந்தியில் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். "கித்னா? கஹாங்?" என்று தெரிந்த இரண்டு வார்த்தையை எடுத்து விடுகிறார்கள்.

மிசோரம் மாணவருக்கு இந்தி, நம்ம திருநெல்வேலி மாணவருக்குத் தெரிகிற அளவுகூடத் தெரியாது. அவர் ஊரில் மிசோ பேசுவார்கள். படித்தவர்கள் இங்கிலீசு பேசுவார்கள். 2022 ஏப்ரலில், வடகிழக்கின் 8 மாநிலங்களிலும் 10-ம் வகுப்பு வரை இந்தி கட்டாயம் ஆகும் என்று மத்திய உள்துறை மந்திரி அறிவித்தபோது அங்கேயும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த விஷயத்தில் அவர்கள் நம்ம கட்சி!

ஆனால் இங்கே அவருக்குப் பெயர் "வடக்கன்".

வடகிழக்கு என்பது ஒரே ஊர் அல்ல. அருணாசலப்பிரதேசம், அசாம், மணிப்பூர், மேகாலயா, மிசோரம், நாகாலாந்து, திரிபுரா, சிக்கிம் என்று 8 மாநிலங்கள். ஒரு மலைக்கு ஒரு பாஷை. நாகாலாந்தில் மட்டும் ஒரு டஜனுக்கு மேல் பழங்குடிகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பாஷை. எல்லோரையும் சேர்த்து "சைனா" என்று கூப்பிடுவது, ஆந்திராக்காரர், கேரளாக்காரர், கன்னடக்காரர் எல்லோரையும் சேர்த்து டெல்லிக்காரன் "மதராசி" என்று கூப்பிட்ட கதைதான். அந்தப் பெயரைக் கேட்டு நம்ம பெரியவர்களுக்கு எவ்வளவு கோபம் வந்தது! 1960-களில் பம்பாயில் தென்னாட்டவர் ஓட்டல்களை அடித்து நொறுக்கியபோது ஓடிவந்த குடும்பங்கள் இன்னும் சென்னையில் இருக்கின்றன.

கல்லூரி வகுப்பிலும் தொல்லை இல்லாமல் இல்லை. அங்கே திட்டமாட்டார்கள். கேள்வி கேட்பார்கள். "உங்க ஊர்ல நாய், பாம்பு எல்லாம் சாப்பிடுவாங்களாமே?" "உங்க ஊருக்குப் போக விசா எடுக்கணுமா?" கேட்கிறவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். 40-வது ஆள் கேட்கும்போது பதில் சொல்லுகிறவருக்குச் சிரிப்பு வராது.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் வடகிழக்கைப் பற்றி என்ன படித்தோம்? சிரபுஞ்சியில் மழை, அசாமில் தேயிலை, காண்டாமிருகம். அத்தோடு சரி. மேரி கோம் என்றால் எல்லோருக்கும் தெரியும். 2014-ல் அவர் வாழ்க்கையைச் சினிமாவாக எடுத்தபோது அந்த வேடத்தில் நடித்தவர் பிரியங்கா சோப்ரா. "எந்திரன்" படத்தில் ரஜினிக்கு வில்லனாக வந்த விஞ்ஞானி போராவை மறந்திருக்க முடியாது. அந்த நடிகர் டேனி டென்சோங்பா சிக்கிம்காரர். கால்பந்தில் சென்னையின் எப்.சி. அணிக்காக மிசோரம் வீரர் ஜேஜே கோல் அடித்தபோதெல்லாம் நேரு ஸ்டேடியம் அதிர்ந்தது. ஆட்டம் முடிந்து அதே கூட்டம் வெளியே வந்ததும், பஸ்சுக்கு நிற்கிற மிசோ பையனைப் பார்த்து "சைனா" என்று கூப்பிட்டால் அவன் என்ன நினைப்பான்?

பெண்களுக்கு இரட்டைத் தொல்லை

மாணவிகளுக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளுகிறது.

அழகு நிலையங்களில் வடகிழக்குப் பெண்கள் பலர் வேலை செய்கிறார்கள். உழைத்துச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் அந்த முகத்தைக் கண்டாலே சில ஆசாமிகளுக்குப் புத்தி வேறு பக்கம் போகிறது. "ரேட் என்ன?" என்று பஸ் நிறுத்தத்தில் கல்லூரி மாணவியைக் கேட்கிற அளவுக்குப் போகிறது. இந்தப் பெண்கள் "ஒரு மாதிரி" என்று இவர்களே முடிவு கட்டிக்கொள்ளுகிறார்கள்.

அதனால் மாணவிகள் தனியாகப் போவதில்லை. மூன்று பேராகப் போகிறார்கள். ஆட்டோவில் ஏறினால் நம்பரைப் படம் பிடித்துத் தோழிக்கு அனுப்பிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். கலர் பூசிய தலைமுடியைத் தொப்பிக்குள் மறைத்துக்கொள்ளுகிறார்கள்.

தொல்லை பட்ட பெண் போலீஸ் நிலையத்துக்குப் போனால் பாஷை ஒரு மதில்சுவர். அதையும் தாண்டிப் புகார் எழுதிக் கொடுத்தால், "காலேஜ் பொண்ணும்மா நீ, கோர்ட்டு கேசுன்னு எதுக்கு அலையறே?" என்று பரிவாகவே கேட்பவர்களும் உண்டு. அந்தப் பரிவிலேயே புகார் முடிந்துபோகும்.

ரெயில் ஏறி ஓடிய நாள்

2012 ஆகஸ்டு மாதத்தைச் சென்ட்ரல் ரெயில் நிலையப் போர்ட்டர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அசாமில் கோக்ரஜார் பக்கம் கலவரம் நடந்த நேரம். "வடகிழக்குக்காரர்களை அடிக்கப் போகிறார்கள்" என்று செல்போனில் ஒரு வதந்தி. பெங்களூரில் ஆரம்பித்தது. 2, 3 நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு ரெயில் நிலையத்தில் குவிந்துவிட்டார்கள். கவுகாத்திக்குச் சிறப்பு ரெயில்கள் விட்டார்கள். சென்னை, புனே நகரங்களிலும் அதே கதை. மாணவர்கள், ஓட்டல் தொழிலாளர்கள், வாட்ச்மேன்கள் என்று கிடைத்த பெட்டியில் ஏறினார்கள். ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்பக்கூடாது என்று மத்திய அரசு 15 நாள் தடை போட வேண்டியதாயிற்று.

வதந்திதானே, ஏன் ஓடினார்கள் என்று அப்போது பலர் சிரித்தார்கள். தினமும் "நீ இந்த ஊர்க்காரன் இல்லை" என்று கேட்டுக் கேட்டு வாழ்கிறவனுக்கு, "நாளைக்கு அடிப்பார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பத்தான் தோன்றும்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. "சைனா" போய் "கொரோனா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டெல்லியில் மணிப்பூர் பெண் ஒருவர் மீது ஸ்கூட்டரில் வந்தவன் "கொரோனா" என்று கத்திவிட்டுப் பான் எச்சிலைத் துப்பினான். மைசூரில் நாகாலாந்து மாணவர்கள் இருவரை ஒரு கடையில் வெளிநாட்டுக்காரர்கள் என்று சொல்லி உள்ளே விட மறுத்தார்கள். ஊரடங்கு நேரம். அரிசி, பருப்பு வாங்க வந்தவர்கள் அவர்கள். இப்படி வடகிழக்கு மக்களைத் தொல்லைப்படுத்துகிறவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய உள்துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுத வேண்டியிருந்தது.

ஆப்பிரிக்க மாணவர்கள் கதி

முகத்தைப் பார்த்துக் கேலி வடகிழக்கு மாணவர்களுக்கு என்றால், நிறத்தைப் பார்த்து அடி ஆப்பிரிக்க மாணவர்களுக்கு. அவர்கள் நிலை இதைவிட மோசம்.

2016 ஜனவரி 31-ந் தேதி பெங்களூரில் சூடான் நாட்டுக்காரர் ஒருவர் ஓட்டிய கார் மோதிப் பெண் ஒருவர் இறந்தார். அந்த விபத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் பின்னால் இன்னொரு காரில் வந்த தான்சானியா நாட்டு மாணவியைக் கும்பல் அடித்தது. காரைக் கொளுத்தியது. கருப்பாக இருந்ததுதான் அவர் செய்த குற்றம்.

2017 மார்ச்சில் டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் உள்ளூர்ப் பையன் ஒருவன் இறந்ததற்கு நைஜீரிய மாணவர்களே காரணம் என்று வதந்தி. மனுஷனைத் தின்பவர்கள் என்றுகூடப் பேசினார்கள். வணிக வளாகத்துக்குள் புகுந்து நாற்காலியாலும் குப்பைத் தொட்டியாலும் ஆப்பிரிக்க மாணவரை அடித்ததை உலகமே பார்த்தது.

எப்படிச் சமாளிக்கிறார்கள்?

சென்னை வடகிழக்கு மாணவர்களுக்கு வருவோம். இத்தனைக்கும் நடுவில் படிக்கிறார்கள், பரீட்சை எழுதுகிறார்கள், ஜெயிக்கிறார்கள்.

பெரும்பாலோர் செய்வது விழுங்குவதுதான். அதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. ரெயிலில் 2 பகல், 2 ராத்திரிக்குக் குறையாத தூரம் தள்ளி வீடு. அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு மாமன் இல்லை, மச்சான் இல்லை. வழக்கு என்று வந்தால் வாய்தாவுக்கு வாய்தா அங்கிருந்து வர முடியுமா? படிப்பு முடியவேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் விழுங்குவது லாபம் என்று வருகிறது. ஆனால் விழுங்கியது எங்கே போகும்? ராத்திரி தூக்கம் வராமல் புரளுகிறார்கள். வெளியே போவதைக் குறைத்துக்கொள்ளுகிறார்கள். முதல் வருஷமே படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்களும் உண்டு.

சிலர் சிரித்துச் சமாளிக்கிறார்கள். "சைனா" என்றால் "சைனா இல்ல அண்ணா, மணிப்பூர்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போகிறார்கள். கூப்பிட்டவனுக்கு முகத்தில் அசடு வழியும். தமிழ் கற்றுக்கொள்ளுவதுதான் நல்ல ஆயுதம் என்று சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். "எவ்ளோ?", "வேணாம்", "மீட்டர் போடுங்க" இதெல்லாம் முதல் மாதப் பாடம். கெட்ட வார்த்தை எது எது என்பதும் அதிலேயே சேர்ந்தது. எதற்குச் சண்டை போடுவது என்று தெரியவேண்டும் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவரவர் பாஷையில் பாட்டும் பிரார்த்தனையும் நடக்கிறது. பிறகு கால்பந்து. அங்கேதான் சேதி பரிமாறிக்கொள்ளுகிறார்கள். எந்த வீட்டுக்காரர் நல்லவர், எந்த டீக்கடை ஓரம் போகக்கூடாது, எந்த டாக்டர் பொறுமையாகக் கேட்பார் என்பதெல்லாம் வாய்வழியாகவே போகிறது. ஒருவருக்கு ஆபத்து என்றால் அரை மணியில் 10 பேர் வந்து நிற்கிறார்கள். 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் வெடித்த பிறகு இந்த ஒற்றுமையிலும் விரிசல் விழுந்தது. ஒரே வகுப்பில் படிக்கும் மெய்தேய் மாணவரும் குக்கி மாணவரும் முகம் பார்த்துப் பேச முடியாமல் போயிற்று. இரண்டு பேரையும் "சைனா" என்று கூப்பிடுகிறவனுக்கு அதெல்லாம் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தானியம் சாவுக்குப் பிறகு மத்திய அரசு பெஸ்பரூவா என்ற ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி தலைமையில் கமிட்டி போட்டது. 2014 ஜூலையில் அறிக்கை வந்தது. இனத்தைச் சொல்லிக் கேவலப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கி 153-சி, 509-ஏ என்று இரண்டு புதுப் பிரிவு சேர்க்கச் சொன்னார்கள். பிரிவு வரவில்லை. 2024 ஜூலை 1-ந் தேதி இந்தியத் தண்டனைச் சட்டத்தை மாற்றி புதுச் சட்டமே கொண்டுவந்தார்கள். அதிலும் அது இல்லை. ஆனால் 5 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து இனம், பிறந்த ஊர், பாஷை காரணமாக ஒருவரைக் கொன்றால் ஆயுள் அல்லது தூக்கு என்று புதுச் சட்டத்தின் 103-வது பிரிவு சொல்கிறது. அதாவது, செத்தால் தனிப் பிரிவு இருக்கிறது. கேலிக்கு இல்லை.

பாதிக்கப்பட்டவர் பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம், 5 வருஷம் வரை ஜெயில் என்று 2012-ல் மத்திய உள்துறை எழுதியது. வடகிழக்குக்காரர் எல்லோரும் பழங்குடிப் பட்டியலில் இல்லை. மெய்தேய் மக்கள் இல்லை. ஒரே தெருவில் ஒரே வசை வாங்கிய இரண்டு மாணவிகளில் ஒருத்திக்கு இந்தச் சட்டம் உண்டு, இன்னொருத்திக்கு இல்லை.

டெல்லியில் 1093 என்ற நம்பரோடு வடகிழக்கு மக்களுக்கென்றே தனிப் போலீஸ் பிரிவு அமைத்தார்கள்.

கல்லூரிக்குள் நடப்பதற்கு வழி இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. இனம், நிறம், ஊர், பாஷையைச் சொல்லி மாணவரைத் துன்புறுத்தினால் அதுவும் ராகிங்தான் என்று 2016-ல் யு.ஜி.சி. விதியைத் திருத்தியது. தமிழ்நாட்டில் நாவரசு கொலைக்குப் பிறகு வந்த 1997-ம் ஆண்டு ராகிங் தடைச் சட்டமும் இருக்கிறது. 2 வருஷம் வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் வந்தால் கல்லூரித் தலைவர் விசாரித்தே ஆகவேண்டும். ராகிங் புகாருக்கு யு.ஜி.சி.யின் இலவச போன் நம்பர் 1800-180-5522. 24 மணி நேரமும் பேசலாம். ரோட்டில் நடந்தால் 112. எந்தப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தாலும் அது எந்த எல்லையில் நடந்தது என்று தட்டிக்கழிக்காமல் பதிவு செய்யவேண்டும் என்பது 2024-ல் இருந்து சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மோரேயில் தமிழர் கோவில்

மணிப்பூரின் கோடியில், பர்மா எல்லையை ஒட்டி, மோரே என்று ஒரு ஊர். அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள். 1960-களில் பர்மாவில் கடை, தொழில் எல்லாவற்றையும் பறிகொடுத்து வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் அவர்கள். தரை வழியாக மறுபடியும் பர்மாவுக்கே போகப் பார்த்து, முடியாமல் மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். தமிழ்ச் சங்கம் நடத்தினார்கள். அங்காள பரமேசுவரிக்குக் கோவில் கட்டினார்கள். இட்டிலி, தோசைக் கடை போட்டார்கள். தமிழும் மெய்தேயும் பர்மியப் பாஷையும் பேசுகிற பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். மணிப்பூர் மாணவர்களில் சிலர் சென்னைக்கு வருவதற்கு முன்பே மோரேயில் தோசை சாப்பிட்டவர்கள். 2023 கலவரத்தில் மோரேயும் தப்பவில்லை.

ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் புது மாணவ-மாணவிகள் தாம்பரத்திலும் சென்ட்ரலிலும் வந்து இறங்குகிறார்கள். படிப்பு முடிந்து போகிற சீனியர்கள், தாங்கள் குடியிருந்த வீட்டையே அவர்களுக்குக் கைமாற்றி விட்டுப் போகிறார்கள். முதலில் பாஸ்போர்ட்டு கேட்ட வீட்டுக்காரர்களில் சிலர் இப்போது, "அடுத்த வருஷமும் உங்க ஊர்ப் பசங்களையே கொண்டாந்து விடுங்கப்பா" என்று கேட்கிறார்கள். வாடகை தேதி தவறாமல் கைக்கு வந்துவிடுகிறதாம்.